ஒற்றைச் சிலிண்டர் கற்பிக்கும் பொறுமை

விலை கொடுத்து வாங்கும் பொருள் பழுதின்றி உழைக்க வேண்டும் என எதிர்பார்ப்பது மனித இயல்பு. ஆயினும், குறைகள் பல இருந்தும் உரிமையாளரின் நீங்காத அன்பைப் பெற்றுவிட்ட ஓர் எந்திரம் உண்டு. அதுவும் நம் தமிழகத்திலேயே உருவானது என்பது வியப்புக்குரியதன்றோ? 'புல்லட்' மோட்டார் சைக்கிளையே குறிப்பிடுகிறோம்.

இங்கிலாந்தின் ரெட்டிச் நகர நிறுவனமும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்து 1955-இல் 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தோற்றுவித்தன. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் வண்டிகள் உருவாயின. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுபோன பின்னரும் திருவொற்றியூரின் உலைக்கூடம் ஓயவில்லை.

குறை எங்கே பிறக்கிறது?

பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். கொள்ளளவு 346 சி.சி. சக்கரத்தண்டு இருமுறை சுழன்றால் ஒரு வெடிப்பு மட்டுமே நிகழும். இடைப்பட்ட நேரத்தில் கனமான பறசக்கரமே எஞ்சினை இழுத்துச் செல்கிறது. செவிக்கு இனிய அந்த நிதானமான ஓசை பிறப்பது இதனால்தான். நட்டுகளைத் தளர்த்தும் அதிர்வுக்கும் இதுவே காரணம். இடப்புறச் செயின் பெட்டியின் மூடியை நடுவிலுள்ள ஒரே நட்டு தாங்கி நிற்பதால், அங்கு ஆயில் கசிவதும் வாடிக்கை. விரும்பும் குணமும் வெறுக்கும் குணமும் ஒரே வேரில் முளைத்தவை என்பது சிந்திக்கத்தக்கது.

கைகள் பெறும் கல்வி

இவ்வண்டியை உதைத்துக் கிளப்புவதே ஒரு கலை. ஆம்ப்ஸ் மீட்டரின் முள்ளைக் கவனித்து, டீகம்ப்ரசர் நெம்புகோலை அழுத்திப் பிஸ்டனை உரிய இடத்திற்குக் கொணர்ந்து, பின்னரே முழுமையாக உதைக்க வேண்டும். அவசரப்படுபவரின் காலைக் கிக்கர் திருப்பி அடித்துவிடும்!

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும். டேப்பெட்டைச் சரிசெய்ய, எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும். வால்வுகள் மூடிய நிலையில், தள்ளுதண்டு விரல்களால் எளிதில் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் ஆடலாகாது. இவற்றைக் கற்க விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. சில ஸ்பேனர்கள், ஒரு ஃபில்லர் கேஜ், பழந்துணி, ஒரு விடுமுறைக் காலை ஆகியவை போதும்.

இன்றைய வண்டிகளில் பாயிண்ட் இல்லை. கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் உட்செலுத்தும் கருவி பிடித்துக்கொண்டது. புகையும் பராமரிப்பும் குறைந்திருப்பது நன்மையே. இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழுது நேர்ந்தால், காரணம் மின்னணுப் பெட்டிக்குள் மறைந்துகிடக்கிறது. பழைய வண்டியோ தன் நோயை ஓசையாலும் வாடையாலும் கசிவாலும் உரிமையாளரிடமே முறையிடுகிறது.

எல்லை எது?

எல்லாக் குறைகளையும் ரசித்துவிட முடியாது. தேய்ந்த பிரேக்கை எவரும் பொறுத்துக்கொள்ளலாகாது. பழைய புல்லட்டில் வலக்கால் கியரையும் இடக்கால் பிரேக்கையும் இயக்கும். பிற வண்டிகளில் பழகியவர் ஆபத்து வேளையில் தவறான மிதியை மிதிக்கக்கூடும். எனவே, பழகாத பிள்ளைகளிடம் சாவியைத் தருதல் கூடாது. சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்புவதும் ரசனையாகாது. நம் இன்பத்திற்காக நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்க நமக்கு ஏது உரிமை?

வீட்டில் பழைய வண்டி இருப்பின், பெற்றோரே, அதனைச் செப்பனிடும்போது உங்கள் மகனையும் மகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். கழற்றிய நட்டுகளை வரிசையாக வைக்கும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படையுங்கள். பழுதுபட்டதை உடனே எறிந்துவிடாமல், முதலில் காரணத்தைத் தேடும் பழக்கம் அங்கே அவர்களுக்கு வாய்க்கும். வண்டியோடு நின்றுவிடாது, வாழ்நாள் முழுவதும் அப்பழக்கம் அவர்களுக்குத் துணை நிற்கும்.