லயத்தை விட்டுப் புது வீட்டுக்குப் போகுமுன்



வீடு மாறுவதென்றால் ஒரு லோரியைப் பிடித்துச் சாமான்களை ஏற்றுவதுதானே, இதற்கு ஒரு பேச்சு வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். பட்டணத்தில் ஒரு வாடகை வீட்டை விட்டு இன்னொரு வாடகை வீட்டுக்குப் போகிறவருக்கு அந்தக் கேள்வி பொருந்தும். தோட்டத்து லயத்தை விட்டுப் போகிறவர் நிலைமை வேறு. வேலை, தண்ணீர், பள்ளிக்கூடம், கோயில், கணக்கெழுதிச் சாமான் தரும் கடை, அவசரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அடுத்த வீட்டு அக்காள், இத்தனையும் அவருக்கு ஒரே இடத்தில் இருந்தன. லோரி புறப்படும்போது இவை எவையும் லோரியில் ஏறுவதில்லை.

1990-ஆம் ஆண்டுகளில் புத்ராஜெயா நகரம் எழுந்தபோது பிராங் பெசார், காலவே, செட்ஜ்லி, மெடிங்லி என்ற நான்கு தோட்டங்களில் இருந்த குடும்பங்கள் டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் போக வேண்டியதாயிற்று. (பிராங் பெசார் என்றால் பெரும் போர் என்று பொருள். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷ் அதிகாரிகள் திறந்த தோட்டம் அது.) பால்மரம் இருந்த இடத்தில் அரசாங்கக் கட்டடங்கள் நிற்கின்றன. இன்னும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் போய்விட்டன. உங்கள் தோட்டத்துக்கும் அந்த நாள் வரலாம். அல்லது நீங்களே பிள்ளைகளின் படிப்பை நினைத்துத் தாமானில் ஒரு வீடு வாங்கலாம். எப்படியானாலும் ஆயத்தம் ஒன்றுதான்.

முதலில் நாள் கணக்கைப் பார்ப்போம். தோட்டம் மூடப்பட்டு வேலை நிறுத்தப்படுமானால், 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி ஐந்தாண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்குக் குறைந்தது 8 வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் என்றால் 6 வாரம், அதற்கும் குறைவென்றால் 4 வாரம். எட்டு வாரம் நீண்ட காலம்போலத் தோன்றும். அலுவலகங்களுக்கு அலைந்து பார்த்தவருக்கே தெரியும், அது எவ்வளவு சீக்கிரம் கரைகிறதென்று.

ஆகவே முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது பாத்திரம் கட்டுவதன்று, பத்திரம் தேடுவது. பழைய பிஸ்கட் டின்னை இறக்கிப் பாருங்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறதா? பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு அடையாள அட்டை எடுத்தாயிற்றா? தாய் தகப்பனின் திருமணப் பதிவுப் பத்திரம் எங்கே? இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீபகற்ப மலேசியாவில் குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறவிட்டால் தாமதப் பதிவு. அதற்கு இந்தக் குழந்தை இன்னாருக்குப் பிறந்தது என்று விவரம் அறிந்து சொல்ல ஆள் தேவைப்படும். தோட்டத்தில் இருக்கும்வரை அந்த ஆட்கள் நாலு கதவு தள்ளி இருக்கிறார்கள். பிள்ளைப்பேறு பார்த்த பாட்டி இருக்கிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன தண்டல் இருக்கிறார், கிராணியின் ஆபீசில் பெயர்ப் பதிவேடு இருக்கிறது. லயம் கலைந்தபின் ஒருவர் கிள்ளானிலும் ஒருவர் ஜொகூரிலும் இருப்பார். பதிவேடு எங்கே போயிற்றென்று சொல்ல ஆளிராது. பத்திரம் இல்லாத பிள்ளை பள்ளிக்கூடத்திலும் பிறகு வேலையிலும் படும் பாட்டை நம்மில் பலர் கண்ணால் கண்டிருக்கிறோம். பத்திரத்தில் குறை இருந்தால், தோட்டத்தை விட்டுக் கிளம்புமுன்பே பதிவு இலாகாவுக்குப் போய்விடுங்கள்.

அதே நடையில் ஆபீசிலிருந்து வேலை செய்த காலத்தைக் காட்டும் கடிதம், சம்பளச் சீட்டுகள் இவற்றையும் கேட்டு வாங்குங்கள். ஊழியர் சேமநிதிக் கணக்கில் சந்தா விடாமல் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வேலை நிறுத்தத்துக்கான நஷ்ட ஈட்டை 1980-ஆம் ஆண்டு விதிகள் வரையறுக்கின்றன. ஓராண்டாவது தொடர்ந்து வேலை செய்திருக்க வேண்டும். இரண்டாண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்தாண்டுக்குள் 15 நாள், அதற்கு மேல் 20 நாள். உதாரணத்துக்கு, ஒருவரின் சராசரி நாள் சம்பளம் 60 வெள்ளி, வேலை செய்தது 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். இருபதை இருபதால் பெருக்கினால் 400 நாள். 400 நாளுக்கு 24,000 வெள்ளி. வேலை நின்ற ஏழு நாளுக்குள் இந்தப் பணம் கைக்கு வர வேண்டும். ஓய்வு வயது வந்து போகிறவருக்கு இது கிடையாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. கணக்கில் சந்தேகம் இருந்தால் சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ கேட்ட பிறகு கையெழுத்திடுங்கள்.

பணம் வருகிறது என்ற செய்தி பரவினாலே தரகர்கள் வந்து சேருவார்கள். "இப்போதே ஆயிரம் வெள்ளி கொடுங்கள் ஐயா, மூலை வீட்டை உங்களுக்குப் பிடித்து வைக்கிறேன்" என்பார்கள். வீடமைப்பு நிறுவனத்திடம் புது வீடு வாங்கும்போது, விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகுமுன் முன்பணம் என்று எதையும் வாங்க 1989-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை. சேமநிதியில் வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்குட்பட்டவர்களுக்கு அது செஜாத்திரா கணக்கிலிருந்து வருகிறது. சாவி கைக்கு வந்ததும் சுவர் வெடிப்பு, தண்ணீர்க் கசிவு, மூடாத கதவு எல்லாவற்றையும் எழுதி, நகல் வைத்துக்கொண்டு நிறுவனத்திடம் கொடுங்கள். 24 மாதத்துக்குள் தெரியவரும் குறைகளை அவர்கள் தம் செலவில் பழுது பார்க்க வேண்டும்.

இனி மாதச் செலவு. லயத்தில் வாடகை என்று பெரிதாக எதுவும் இராது. அடுக்குமாடியில் வங்கித் தவணை, மின்சாரம், தண்ணீர், அவற்றுக்கு முன்வைப்புப் பணம், இவற்றுடன் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. பராமரிப்பு 50 வெள்ளி என்றால் பெரிய பழுதுகளுக்கான நிதியென்று அதில் பத்து விழுக்காடு, 5 வெள்ளி, கூடச் சேரும். பஸ் கூலியை மறந்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் நிறையப் பேர். புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இந்தத் தொகையை மாதாமாதம் தனியாக எடுத்து வைத்துப் பாருங்கள். மிச்சப் பணத்தில் குடும்பம் நடக்கிறதா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

சாமான்களைப் பற்றித் தாய்மார்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: கயிறு ஒன்றை எடுத்துப் போய்ப் புது வீட்டு வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்து முடிச்சுப் போட்டு வாருங்கள். மலிவு விலை அடுக்குமாடிகள் பலவற்றில் மின்தூக்கி இல்லை. நாலாவது மாடிக்கு அலுமாரியைத் தூக்கிப் போய்த் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு தவிப்பானேன்? ஆட்டுக்கல்லும் உரலும் பாட்டியின் சீதனமாகவே இருக்கலாம். ஆனால் விடியற்காலையில் மேல் மாடியில் மிளகாய் இடித்தால் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிடுவார்.

விறகடுப்பிலிருந்து கேசுக்கு மாறுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். தோம்பை மூடிய அலுமாரிக்குள் வைக்காதீர்கள். நாற்றம் தெரிந்தால் தோம்பை அடைத்துக் கதவைத் திறங்கள். தீக்குச்சியையும் விளக்குச் சுவிட்சையும் தொடவே வேண்டாம்.

மாடு, ஆடு வைத்திருப்போர் கடைசி வாரம்வரை காத்திருக்க வேண்டாம். லயத்தில் பத்துப் பேர் ஒரே வாரத்தில் விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. நாயை அவிழ்த்துவிட்டுப் போவது பாவம். வைத்துக்கொள்ள ஒருவரை இப்போதே கேளுங்கள். பள்ளி மாற்றத்துக்குத் தலைமையாசிரியரை முன்கூட்டியே பாருங்கள். புது இடத்தில் தமிழ்ப்பள்ளி எத்தனை கட்டை தூரம், பஸ் உண்டா என்று விசாரியுங்கள். கோயில் பற்றிய முடிவை ஒரு குடும்பம் எடுக்க முடியாது. சாமி சிலைகள் எங்கே போகும், கோயில் பணத்தை யார் வைத்திருப்பார் என்பதை எல்லாரும் கூடியிருக்கும்போதே பேசி எழுதி வையுங்கள்.

குடியேறிய 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் முகவரியை மாற்றிவிடுங்கள். சேமநிதிக்கும் வங்கிக்கும் அப்படியே. பழைய லயத்து முகவரிக்கு வரும் கடிதத்தை வாங்கி வைக்க அங்கே இனிக் கிராணி இருக்கமாட்டார்.

பத்திரங்களும் நகையும் உள்ள பையை லோரியில் ஏற்றாதீர்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் மடியிலேயே இருக்கட்டும். அன்றிரவுக்கு வேண்டிய அரிசி, ஒரு பானை, தேத்தண்ணீர்ச் சாமான், பாட்டியின் மருந்து, பாய், மெழுகுவர்த்தி, குழந்தையின் மாற்றுத்துணி இவற்றை ஒரே சாக்கில் கட்டி, லோரியில் கடைசியாக ஏற்றுங்கள். கடைசியில் ஏறியதுதானே முதலில் இறங்கும்.