ஓடினால்தான் வண்டி

லண்டனிலிருந்து குட்வுட் வரை: பழைய ரயிலில் ஏறி, பழைய கார்ப் பந்தயம் பார்க்கப் போகும் ஒரு நாள்

லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் காலை நேரத்தில் நின்றால் அந்த நகரத்தின் அவசரம் மொத்தமும் கண்முன்னால் ஓடும். காதில் இயர்போன், கையில் காபிக் குவளை, கண் மட்டும் அறிவிப்புப் பலகையில். செப்டம்பரில், குட்வுட் ரிவைவல் பந்தயம் நடக்கும் நாளில், இந்தக் கூட்டத்துக்கு நடுவே இன்னொரு கூட்டம் வந்து சேரும். ஆண்கள் ட்வீட் கோட்டும் தொப்பியுமாக. பெண்கள் முழங்காலுக்குக் கீழே விரியும் கவுன், கையுறை, அடர் சிவப்பு லிப்ஸ்டிக் என்று. பழைய விமானப்படைச் சீருடையில் ஒருவராவது இருப்பார். ஏதோ சினிமா ஷூட்டிங் என்று ஒதுங்கி வழிவிடுபவர்களும் உண்டு.

இவர்கள் ஏறப்போகும் ரயிலும் அதற்குத் தோதாகவே நிற்கிறது. கீழே பழுப்பு, மேலே பாலேட்டு நிறம். ஒவ்வொரு பெட்டியின் பக்கவாட்டிலும் ஒரு பெயர்: ஆட்ரி, வேரா, க்வென், ஐபிஸ், மினர்வா, ஃபீனிக்ஸ். இதுதான் பிரிட்டிஷ் புல்மேன். பெரும்பாலும் 1920களிலும் 30களிலும் செய்த பெட்டிகள். மூத்தவள் ஐபிஸ், 1925இல் பிறந்தவள்.

பெயருக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்கரான ஜார்ஜ் புல்மேனின் சொகுசுப் பெட்டிகள் 1874இல் இங்கிலாந்துக்கு வந்தன. பின்னாளில் அங்கே ஒரு வழக்கம் நிலைத்தது. முதல் வகுப்புப் பெட்டி என்றால் பெயர் உண்டு, பெரும்பாலும் பெண் பெயர். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்கு வெறும் எண்தான். இன்றைய ரயிலில் எல்லாப் பெட்டிகளும் பெயரோடுதான் ஓடுகின்றன. எந்தப் பழமையை நாம் ஆசையாக எடுத்து வைத்துக்கொள்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

கருவாட்டுக்காக ஒரு போராட்டம்

ஆட்ரி, வேரா, க்வென் மூவரும் ஒரு காலத்தில் லண்டனுக்கும் பிரைட்டன் கடற்கரை நகருக்கும் இடையே ஓடிய ‘பிரைட்டன் பெல்’ ரயிலைச் சேர்ந்தவர்கள். பிரைட்டனில் குடியிருந்த நடிகர் லாரன்ஸ் ஒலிவியே அதன் வாடிக்கைப் பயணி. ரயிலின் காலை உணவில் கிப்பர் என்ற மீன் உண்டு. ஹெர்ரிங் மீனைப் பிளந்து உப்பிட்டுப் புகையில் வாட்டியது; நம்மூர் கருவாட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ரயில்வே நிர்வாகம் அதை மெனுவிலிருந்து எடுத்தபோது, ஷேக்ஸ்பியர் நாடகங்களால் உலகப் புகழ் பெற்ற அந்த மனிதர் மீனுக்காகக் கொடி பிடித்தார். 1972 ஏப்ரல் 30இல் ரயிலே நின்றுபோனது.

பெட்டிகள் திசைக்கொன்றாகப் போயின. சில, மதுக்கடை வாசலில் சாப்பாட்டு அறையாக நின்றன. 1977இல் மான்டி கார்லோவில் நடந்த ஏலத்தில் ஜேம்ஸ் ஷெர்வுட் என்ற கப்பல் கன்டெய்னர் தொழிலதிபர் பழைய ஓரியன்ட் எக்ஸ்பிரஸின் இரண்டு பெட்டிகளை வாங்கினார். பிறகு அதே பித்தாக இந்தப் புல்மேன் பெட்டிகளையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1982 மே 25 அன்று விக்டோரியாவிலிருந்து வெனிஸுக்கு ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் பயணம் மறுபடி தொடங்கியது. ஆங்கிலக் கால்வாய் வரைக்கும் பயணிகளைக் கொண்டுபோய்விட்டது இந்தப் புல்மேன் பெட்டிகள்தான். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு எல்லைச் சோதனைகள் கடுமையாக, 2023இல் அந்த வேலை இவற்றின் கையைவிட்டுப் போனது. இப்போது ஓடுவது பிரிட்டனுக்குள் மட்டும். பெரும்பாலும் காலையில் கிளம்பி இரவில் திரும்பும் பயணங்கள். நடத்துவது பெல்மன்ட் நிறுவனம். 2019 முதல் அது பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமமான எல்விஎம்எச் வசம்.

உள்ளே போனால் முதலில் கண்ணில் படுவது மரம். வெவ்வேறு நிற மரங்களைத் தாள்போல மெல்லியதாகச் சீவி, வெட்டி, ஒன்றோடொன்று பொருத்திப் பூவும் கொடியுமாக இழைத்த சுவர்கள். தலைக்கு மேலே சாமான் வைக்கும் பித்தளைத் தட்டு. மேஜைக்கு ஒரு பித்தளை விளக்கு. வெள்ளை விரிப்பு, இருபுறமும் சாய்வு நாற்காலி. கழிவறைத் தரையில்கூட மொசைக் சித்திரம். பெர்சியஸ் என்ற பெட்டி 1965இல் சர்ச்சிலின் இறுதிப் பயண ரயிலில் ஓடியது. சிக்னஸ் பெட்டியின் உட்புறத்தை 2021இல் சினிமா இயக்குநர் வெஸ் ஆண்டர்சன் புதிதாக வடிவமைத்துக் கொடுத்தார். நீராவி எஞ்சின் எல்லா நாளும் கிடைக்காது. பெரும்பாலும் இழுப்பது டீசல்தான்.

விக்டோரியாவிலிருந்து சிச்செஸ்டர் நகரத்துக்குச் சாதாரண ரயிலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். இந்த ரயிலில் போகிறவர்கள் நேரத்தை மிச்சம் பிடிக்க ஏறியவர்கள் அல்ல. போகும்போது சாவகாசமாகக் காலைச் சாப்பாடு, ஷாம்பெயின். வரும்போது இரவு விருந்து. ஆளுக்குப் பல நூறு பவுண்டு. சிச்செஸ்டரில் இறங்கி, பஸ் ஏறினால் சற்று தூரத்தில் குட்வுட்.

விமானத் தளத்தில் பிறந்த பந்தயம்

குட்வுட் என்பது ரிச்மண்ட் பிரபுக்களின் பரம்பரை எஸ்டேட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் ஒரு பகுதியில் வெஸ்ட்ஹாம்ப்னெட் என்ற போர் விமானத் தளம் இயங்கியது. இரண்டு கால்களும் செயற்கைக் கால்களான விமானி டக்ளஸ் பேடர், 1941 ஆகஸ்டில் கடைசியாகப் போருக்குக் கிளம்பியது இங்கிருந்துதான். அன்று பிரான்ஸ் வானில் விமானத்தை இழந்து ஜெர்மானியரிடம் பிடிபட்டார்.

தளத்தைச் சுற்றி விமானங்கள் ஊர்ந்து போக ஒரு தார்ச்சாலை இருந்தது. இங்கே பணியாற்றிய டோனி கேஸ் என்ற ஆஸ்திரேலிய விமானிக்கு அதைப் பார்த்ததும் விமானம் தோன்றவில்லை, கார்தான் தோன்றியது. இதில் பந்தயம் விடலாமே என்று பிரபுவிடம் சொன்னார். அன்றைய பிரபு ஃபிரெடி மார்ச் தானும் ஒரு பந்தய ஓட்டுநர், புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் வென்றவர். அந்தப் புரூக்லண்ட்ஸ் 1939இலேயே மூடப்பட்டு விமானத் தொழிற்சாலைக்குப் போய்விட்டது. போர் முடிந்த இங்கிலாந்தில் கார் ஓட்டத் துடிக்கும் இளைஞர்கள் இருந்தார்கள், ஓட்ட இடமில்லை.

1948 செப்டம்பர் 18 அன்று பிரிஸ்டல் 400 காரில் ஒரு சுற்று வந்து பிரபு ஓடுதளத்தைத் திறந்து வைத்தார். நீளம் சுமார் 3.8 கிலோமீட்டர். அன்று 500 சிசி பிரிவில் வென்ற பையனுக்கு முந்தைய நாள்தான் 19 வயது நிறைந்திருந்தது. பெயர் ஸ்டிர்லிங் மாஸ்.

மாஸின் கதையும் குட்வுட்டின் கதையும் பின்னிக்கொண்டவை. 1959இல் இங்கே நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில், பெட்ரோல் நிரப்பும்போது அவருடைய ஆஸ்டன் மார்ட்டின் தீப்பிடித்தது. அதே அணியின் இன்னொரு காரில் ஏறி ஓட்டி ஜெயித்தார். ஆஸ்டன் மார்ட்டினுக்கு அந்த ஆண்டின் உலகப் பட்டமும் வந்தது. 1962 ஏப்ரல் 23, ஈஸ்டர் திங்கள். குட்வுட்டின் செயின்ட் மேரிஸ் வளைவருகே அவருடைய லோட்டஸ் தடத்தைவிட்டு விலகி மண்மேட்டில் மோதியது. ஒரு மாதம் நினைவில்லை; ஆறு மாதம் இடப்பக்கம் சரியாக இயங்கவில்லை. மறு ஆண்டு அதே தளத்துக்கு வந்து தனியாக ஓட்டிப் பார்த்தார். முன்பு தானாக வந்தவற்றை எல்லாம் இப்போது யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. அத்துடன் பந்தயத்திலிருந்து ஒதுங்கினார்.

கார்களின் வேகமும் தளத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்தது. 1966இல் ஃபிரெடி மார்ச் பந்தயத்தை நிறுத்தினார். சோதனை ஓட்டம் மட்டும் தொடர்ந்தது. அப்படி ஒரு சோதனையில்தான் 1970 ஜூன் 2 அன்று பந்தய ஓட்டுநர் புரூஸ் மெக்லாரன் இறந்தார்.

மூடிய கதவு, அதே தேதி

முப்பத்திரண்டு ஆண்டுகள் பந்தயம் இல்லை. பிறகு ஃபிரெடி மார்ச்சின் பேரன் சார்லஸ் கார்டன் லென்னாக்ஸ் ஓடுதளத்தைப் பழைய தோற்றத்துக்கே மீட்டெடுத்தார். 1998 செப்டம்பர் 18 அன்று, சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, பிரிஸ்டல் 400இல் தாத்தாவைப் போலவே ஒரு சுற்று வந்து திறந்தார். அதுதான் ரிவைவல்.

விதி எளிது. 1948 முதல் 1966 வரை இந்தத் தளம் உயிரோடு இருந்த காலத்துக் கார்கள்தான் பந்தயத்துக்கு மையம். அரங்க வளாகத்துக்குள் இன்றைய கார் தென்படக் கூடாது. மெக்கானிக்குகள்கூட அக்காலத்து உடையில்தான் நிற்க வேண்டும். பார்வையாளர்கள் வேஷம் கட்டி வருவதை யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் சாதாரண உடையில் வருபவர்தான் அங்கே தனியாகத் தெரிவார்.

ஓடும் கார்களில் சில அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்க வேண்டியவை. ஃபெராரி 250 ஜிடிஓ மொத்தமே 36தான் செய்யப்பட்டன. அதில் ஒன்று 2023 நவம்பரில் நியூயார்க்கில் 5.17 கோடி டாலருக்கு, அதாவது 430 கோடி ரூபாய் அளவுக்கு விலைபோனது. இந்த வகைக் காரை இங்கே வளைவில் சறுக்கவிட்டு ஓட்டுகிறார்கள். உரசல் உண்டு, மோதல் உண்டு. பைத்தியக்காரத்தனம்தானே என்று கேட்கலாம். நம்மூர் மெக்கானிக்கிடம் கேட்டால் வேறு பதில் வரும்: “வண்டியைச் சும்மா போட்டு வெச்சா இன்ஜின் ஜாம் ஆகிடும் சார்.”

எல்லாவற்றிலும் கூட்டத்தை அள்ளுவது செட்ரிங்டன் கப். ஆஸ்டின் ஜே40 என்ற பெடல் காரில் குழந்தைகள் ஓட்டும் பந்தயம். வெள்ளை ஓவராலும் ஹெல்மெட்டும் போட்ட பொடிசுகள் ஓடிவந்து காரில் தாவி ஏறி, மூச்சு வாங்க மிதிப்பார்கள். யாரோ ஒருவன் வழி மாறிப் புல்லுக்குள் போவான். அப்பாக்கள் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்துவார்கள். இந்தப் பொம்மைக் காரின் பிறப்பு விளையாட்டு அல்ல. நிலக்கரித் தூசியால் நுரையீரல் கெட்டு, சுரங்கத்துக்குத் திரும்ப முடியாமல் போன வேல்ஸ் தொழிலாளிகளுக்கு வேலை கொடுக்க 1949இல் பார்கோட் என்ற ஊரில் ஆஸ்டின் நிறுவனம் ஒரு தொழிற்சாலை திறந்தது. 1971 வரை 32,000க்கும் மேற்பட்ட பெடல் கார்களை அவர்கள் கை செய்து தந்தது. மூச்சு விடத் திணறியவர்கள் செய்த வண்டி அது.

இங்கேதான் இந்த விழாவின் பளபளப்பைக் கொஞ்சம் விலக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. குட்வுட் திறந்த 1948இல் இங்கிலாந்தில் பெட்ரோல் ரேஷன். ரொட்டிக்கான ரேஷனே அந்த ஜூலையில்தான் நீங்கியிருந்தது. இன்றைய ரயிலில் தட்டு தட்டாக வரும் விருந்தை அன்று பெரும்பாலோர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எண் மட்டும் பெற்ற மூன்றாம் வகுப்புப் பெட்டிகளைப் போல, அந்தப் பசியும் ரிவைவலுக்கு வந்து சேரவில்லை. புகையைப் பற்றிய கேள்விக்கு மட்டும் ஒரு பதில் சொல்லியிருக்கிறார்கள். 2024 முதல் எல்லாப் பந்தயங்களும் குறைந்தது 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலப்பொருள் கலந்த எரிபொருளில்தான்.

நமக்கும் ஒரு குட்வுட் இருந்தது

இதைப் படிக்கும்போது மூத்த சென்னைவாசிகளுக்குச் சோழவரம் நினைவுக்கு வந்திருக்கும். அதுவும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமானத் தளம்தான். 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான ஓடுதளம் வந்தது. பந்தயம் முன்னேறிவிட்டது, சோழவரம் பேச்சில் மட்டும் மிஞ்சியது.

குட்வுட்டை மீட்க ஒரு பிரபுவின் எஸ்டேட்டும் பணமும் தேவைப்பட்டன. நம் கையில் இருப்பது அதைவிடச் சின்ன வேலை. வண்டலூர் அருகே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு 1961 முதல் நம் சாலைகளில் ஓடியது. அதன் அசலான ட்ரையம்ஃப் ஹெரால்டும் ரிவைவலின் காலக்கணக்குக்குள் வருகிற வண்டிதான். உங்கள் வீட்டு ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் அப்படி ஒன்று தூங்கினால், இரும்புக் கடைக்குத் தூக்குவதற்கு முன்னால் ஒரு பழைய மெக்கானிக்கை வரவழைத்து ஒரு முறை ஸ்டார்ட் செய்து பாருங்கள். வண்டியோடு சேர்த்து, அந்த வண்டி தெரிந்த கைகளும் இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கும்.