நெஞ்சைத் தொட்டு வாக்குக் கேட்கும் விளம்பரங்கள்

தேர்தல் வந்துவிட்டால் சுவர்களும் பேசத் தொடங்கிவிடுகின்றன. கட்சிகளின் அறிக்கைகளை முழுவதும் படித்துவிட்டு வாக்குச் சாவடிக்குச் செல்பவர்கள் மிகச் சிலரே. மற்றவர்கள் மனத்தில் நிற்பது ஒரு படம், ஒரு கோஷம், ஒரு கேள்வி. அறிவோடு வாதாடுவதைவிட நெஞ்சைத் தொடுவது சுலபம் என்பதை அரசியல் கட்சிகள் நன்கு அறியும். பரிவு, நம்பிக்கை, அச்சம் ஆகிய மூன்றுமே தேர்தல் விளம்பரத்தின் மூலதனம் எனலாம்.

கழுத்தில் கட்டு

பரிவுக்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12-ம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம் சுவரொட்டியாகத் தமிழகமெங்கும் ஒட்டப்பட்டது. தொகுதிக்குள் ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்குப் போகாமலே பரங்கிமலையில் 27 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. அரிசித் தட்டுப்பாடும் இந்தி எதிர்ப்பும் அந்த வெற்றிக்கு முக்கியக் காரணங்கள். படம் மட்டுமே ஆட்சியை மாற்றிவிடவில்லை. ஆனால் மக்களின் கோபத்தோடு கண்ணீரையும் அது சேர்த்துவிட்டது.

1984-ல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சை பெற்று வந்தபோது, அவர் மருத்துவமனையில் இருக்கும் வீடியோ படம் தமிழகத்தில் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. ஆண்டிபட்டிக்கு வராமலே அவர் அங்கு வெற்றி பெற்றார்.

நம்பிக்கைக்கு உதாரணம் 1971. எதிர்க்கட்சிகள் இந்திராவை அகற்றுவோம் என்றன. இந்திரா காந்தியோ வறுமையை அகற்றுவோம் என்றார். ஒரே சொல்லைத் திருப்பிப் போட்டதில் எதிரிகள் ஏழைகளுக்கும் எதிரிகள் போலத் தோன்றினர். அவருடைய கட்சி 352 இடங்களைப் பிடித்தது.

பெயர் சொல்லாத அச்சம்

மூன்றிலும் வலிமையானது அச்சமே. 1964 செப்டம்பர் 7-ம் தேதி அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிமிட விளம்பரம் ஒன்று வந்தது. ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள். அவள் எண்ணி முடிக்கும்போது ஓர் ஆணின் குரல் பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்குகிறது. திரையில் அணுகுண்டு வெடிக்கிறது. பிறகு ஜனாதிபதி ஜான்சனுக்கு வாக்களிக்கும்படி வேண்டுகோள். எதிர் வேட்பாளர் கோல்ட்வாட்டரின் பெயர் அதில் எங்குமே இல்லை. அதைப் பார்ப்பவர்களே மனத்துக்குள் சொல்லிக்கொண்டார்கள். கட்டண விளம்பரமாக ஒரே ஒரு முறைதான் அது ஒளிபரப்பாயிற்று. ஆனால் செய்தி நிகழ்ச்சிகள் அதைத் திரும்பவும் காட்டி நாடெங்கும் பரப்பின.

இதே வித்தை 20 ஆண்டுகளுக்குப் பின் நம் நாட்டிலும் கையாளப்பட்டது. 1984 அக்டோபர் 31-ம் தேதி இந்திரா காந்தி கொலையுண்டார். அதைத் தொடர்ந்த வன்முறையில் டில்லியில் மட்டும் 2,733 பேர் கொல்லப்பட்டதாக அரசுக் கணக்கே கூறுகிறது. டிசம்பரில் தேர்தல். காங்கிரசுக்காக ரீடிஃப்யூஷன் என்ற விளம்பர நிறுவனம் தயாரித்த விளம்பரங்கள் பத்திரிகைகளில் வெளிவந்தன. நாட்டின் எல்லை உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிடுமோ என்று ஒன்று கேட்டது. வேறு மாநிலத்துக்காரர் ஓட்டும் டாக்சியில் ஏற நீங்கள் ஏன் சங்கடப்பட வேண்டும் என்று இன்னொன்று கேட்டது.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது ஒற்றுமைக்கான வேண்டுகோள்தான். ஆனால் டில்லியில் அந்நாளில் டாக்சி ஓட்டியவர்களில் சீக்கியர்கள் மிகுதி. எந்தச் சமூகத்தின் பெயரும் விளம்பரத்தில் இல்லை. அதைப் படித்தவர்கள் இட்டு நிரப்பிக்கொண்டார்கள். காங்கிரஸ் 400-க்கும் அதிகமான இடங்களைப் பிடித்தது. அனுதாப அலை பெரிதாக இருந்ததால் இதில் விளம்பரத்தின் பங்கு எவ்வளவு என்று நிறுத்துச் சொல்ல முடியாது. ஆனால் ‘வேறு மாநிலத்துக்காரர்’ என்ற சொல்லின் மேல் ஒரு சந்தேக நிழல் விழுந்தது என்பதை மறுக்க இயலாது.

நமக்கும் இதில் பங்குண்டு

சொந்த மாநிலத்தை விட்டு வந்து பிழைக்கும் நமக்கு அந்தச் சொல்லின் கூர்மை தெரியும். 1960-களில் அன்றைய பம்பாயில் பால் தாக்கரேயின் ‘மார்மிக்’ வாரப் பத்திரிகை, நிறுவனங்களில் பதவி வகித்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. கையில் எந்த ஆயுதமும் இல்லாத வெறும் பெயர்ப் பட்டியல்தான் அது. அதுவே அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களை அஞ்ச வைக்கப் போதுமானதாக இருந்தது.

எல்லா விளம்பரமும் பலிக்கிறது என்று சொல்வதற்கில்லை. 2004-ல் இந்தியா ஒளிர்கிறது என்று பெரும் பொருட்செலவில் விளம்பரம் செய்தார்கள். ஆளும் கூட்டணி தோற்றது. தன் வீட்டில் காணாத ஒளியைச் சுவரொட்டியில் காட்டினால் மக்கள் நம்புவதில்லை.

சட்டமும் சும்மா இருக்கவில்லை. மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றைச் சொல்லி வாக்குக் கேட்பது 1951-ம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி முறைகேடு. தொலைக்காட்சியில் வரும் அரசியல் விளம்பரங்களுக்கு முன்கூட்டியே சான்று பெற வேண்டும் என்று 2004-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. ஆனால் சட்டம் சொன்னதைப் பிடிக்கும். சொல்லாமல் உணர்த்தியதைப் பிடிப்பது கடினம்.

அதைப் பிடிக்க வேண்டியவர் வாக்காளரே. விளம்பரம் நம் கண்ணை நனைத்தாலும் சரி, நெஞ்சைப் பதற வைத்தாலும் சரி, ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்: இது யார்மேல் நம்மைச் சந்தேகம் கொள்ளச் சொல்கிறது? இன்று அது அடுத்த வீட்டுக்காரராக இருக்கலாம். நாளை நாமாகவும் இருக்கலாம்.