ஒரு லன், நான்கு பாதைகள்

கோவையின் மில் அலுவலகங்கள், மருத்துவமனைகள், பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் குளிரூட்டிய சர்வர் அறை ஒன்று உண்டு. கணக்குக்கு ஒரு கம்ப்யூட்டர், ஸ்கேன் படங்களுக்கு இன்னொன்று என்று முன்பு வாங்கிப் போட்டவையெல்லாம் இப்போது ஒரே சர்வருக்குள் மெய்நிகர் கணினிகளாக ஓடுகின்றன. இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்களில் ஒன்று விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ. தரவு பெரும்பாலும் சர்வரில் இருக்காது. தனியாக நிற்கும் ஸ்டோரேஜில் 'லன்' எனப்படும் பகுதிகளாக இருக்கும். சர்வரில் இரண்டு கார்டு, ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர், நடுவே ஸ்விட்சுகள். ஆக, ஒரே லன்னுக்குக் குறைந்தது நான்கு பாதைகள்.

சிறுவாணித் தண்ணீரும் பில்லூர்த் தண்ணீரும் வரும் ஊர் கோவை. எந்தப் பகுதிக்கு எந்தக் குழாயைத் திறப்பது என்று முன்கூட்டியே முடிவு இருந்தால்தான் இரண்டு வழி இருப்பதில் பயன். சர்வரில் அந்த முடிவு விதியாக எழுதப்படுகிறது.

இஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஎம்வேர் தொகுப்பான விஸ்பியரில், 2009இல் வந்த பதிப்பு 4 முதல் இந்த ஏற்பாடு உள்ளது. பாதையைத் தேர்வு செய்ய மூன்று முறைகள்: ஒன்றையே பிடித்துக்கொள்ளும் ஃபிக்ஸட், கடைசியாகப் பயன்பட்டதிலேயே தொடரும் எம்ஆர்யூ, மாறி மாறி அனுப்பும் ரவுண்ட் ராபின். ரவுண்ட் ராபின் வழக்கமாக 1000 கோரிக்கைகளை ஒரு பாதையில் அனுப்பிவிட்டுத்தான் அடுத்ததற்கு மாறும். ஃபிளாஷ் ஸ்டோரேஜ் தயாரிப்பாளர்கள் சிலர் அதை 1 ஆக்கச் சொல்கிறார்கள். அப்போது சுமை சமமாகப் பரவும். ஒரு பாதை மந்தமானால் அதன் பின்னால் நீண்ட வரிசை தேங்காது.

திரையில் மவுஸால் சொடுக்கி ஒவ்வொரு லன்னுக்கும் பாதைத் தேர்வு முறையை மாற்றலாம். நாளை புதிதாக ஒரு லன் வந்தால் மீண்டும் அதே வேலை. கட்டளை வரியில் 'இன்ன நிறுவனத்தின் இன்ன மாடல் என்றால் ரவுண்ட் ராபின், எண்ணிக்கை 1' என்று ஒரே விதியாக எழுதிவிட்டால், இனி வரும் லன்கள் தாமாகவே அதைப் பின்பற்றும். ஏற்கெனவே இணைந்தவை மாறாது; சர்வரை ரீபூட் செய்ய வேண்டியிருக்கும். அதனால் முதல் லன்னை இணைக்கும் முன்பே விதியை எழுதிவிடுவதுதான் சரி என்பேன்.

எந்தப் பாதையை எந்த மென்பொருள் கையாள்வது என்பதற்குத் தனி விதிகள் உண்டு. அவை 'கிளெய்ம் ரூல்'. பட்டியலை வரவழைத்தால் ஒரே விதியின் எண் இரண்டு முறை தெரியும்: ஒன்றில் 'ஃபைல்', மற்றொன்றில் 'ரன்டைம்'. 'ஆட்' கட்டளை கொடுத்ததும் புது விதி ஃபைலில் மட்டுமே இருக்கும். 'லோட்' கொடுத்தால்தான் ரன்டைமுக்கு வரும். 'ரன்' கொடுத்தால்தான் பாதைகள் மீது பாயும். சிறிய எண் முதலில் பார்க்கப்படும். எதிலும் பொருந்தாதவை கடைசி எண்ணான 65535இல் விழுந்து விஎம்வேரின் சொந்த மென்பொருளிடம் போகும்.

இவற்றில் அதிகக் கவனம் கேட்பது, பாதையை மறைக்கும் 'மாஸ்க் பாத்' விதி. சர்வருக்குச் சொல்லாமல் லன்னைத் திடீரெனப் பிடுங்கினால், சர்வர் எல்லாப் பாதையும் செத்ததாக எண்ணித் தட்டிக்கொண்டே இருக்கக்கூடும். அதைத் தவிர்க்க, பழைய பதிப்புகளில் முதலில் மறைத்துவிட்டுப் பிறகு எடுப்பார்கள். 2011இல் வந்த விஸ்பியர் 5 முதல் 'டிட்டாச்' வசதி இருப்பதால் மறைக்கும் தேவை குறைந்துவிட்டது. மறைத்ததைத் திரும்பக் கொண்டுவர விதியை நீக்கினால் மட்டும் போதாது. லோட் செய்து, அந்தப் பாதையை 'அன்கிளெய்ம்' கட்டளையால் விடுவித்து, மறுபடி ரன் கொடுக்க வேண்டும். விடுவிக்க மறந்தால், ஸ்டோரேஜ் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் லன் சர்வரின் கண்ணில் படாது.