விசா மாறும் நேரத்தில் ஊருக்கு வரலாமா? அமெரிக்காவில் வேலை பார்க்கும் இந்திய ஆசிரியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜூன் மாதம். அமெரிக்காவில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. அங்கே ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கும் மதுரைப் பெண் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஜே-1 விசாவில் போனவர். அவரை நிரந்தரமாக வைத்துக்கொள்ள விரும்பிய பள்ளி நிர்வாகம் எச்-1பி விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறது. குலுக்கலிலும் பெயர் வந்துவிட்டது. ஏப்ரலில் பெட்டிஷன் போட்டாச்சு, முடிவு இன்னும் வரவில்லை.

ராத்திரி ஊரிலிருந்து போன். "அப்பாவுக்கு நெஞ்சுவலி. ஐசியூல வச்சிருக்காங்க. உடனே கிளம்பி வந்துரும்மா."

இந்த நிலையில் அவர் விமானம் ஏறினால் என்ன ஆகும்? பாஸ்போர்ட்டில் விசா செல்லுபடியாகத்தான் இருக்கிறது. விமான நிலையத்தில் யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால், அவர் அமெரிக்காவை விட்டுக் கிளம்பியதுமே விண்ணப்பத்தின் ஒரு பாதி காலாவதியாகிவிடும். இது பலருக்குத் திரும்பி வரும்போதுதான் தெரியவருகிறது.

ஏன் இப்படி? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு

குழப்பத்துக்கு மூல காரணமே இதுதான். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்காவின் வாசலுக்குப் போய் உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கான சீட்டு. அதைத் தருவது தூதரகம். உள்ளே நுழைந்த பிறகு எந்த வகையில், எந்தத் தேதி வரை தங்கலாம் என்பதுதான் ஸ்டேட்டஸ். அதைக் காட்டும் பதிவுக்குப் பெயர் ஐ-94. இப்போது அது காகிதமாக வருவதில்லை. அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டால் தெரியும்.

விசா காலாவதியாகி, ஐ-94 உயிரோடு இருந்தால் அமெரிக்காவுக்குள் தங்குவதில் பிரச்னை இல்லை. வேலையும் பார்க்கலாம். ஆனால் வெளியே போய்விட்டுத் திரும்ப வர, பொதுவாகப் புதிய விசா வேண்டும். நம்மவர்கள் 'ஸ்டாம்பிங்' என்று சொல்வது இதைத்தான்.

ஒரு விண்ணப்பத்துக்குள் இரண்டு கோரிக்கை

ஜே-1 அல்லது எஃப்-1-ல் இருப்பவருக்காகப் பள்ளி எச்-1பி கேட்கும்போது, ஐ-129 என்ற ஒரே படிவத்தில் இரண்டு கோரிக்கைகள் இருக்கும். ஒன்று, 'இவரை எச்-1பி-யில் வேலைக்கு வைத்துக்கொள்ள அனுமதியுங்கள்' என்பது. இன்னொன்று, 'இவர் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறார், இங்கிருந்தபடியே ஸ்டேட்டஸை மாற்றிக் கொடுங்கள்' என்பது.

முடிவு வருவதற்குள் அவர் நாட்டை விட்டு வெளியேறினால், இரண்டாவது கோரிக்கை கைவிடப்பட்டதாகக் கருதப்படும். முதல் கோரிக்கை சாகாது; அது ஏற்கப்படலாம். ஆனால் அவர் இந்தியாவில் தூதரகத்தில் எச்-1பி விசா வாங்கித்தான் அந்த ஸ்டேட்டஸில் உள்ளே போக முடியும்.

முன்பெல்லாம் இது ஒரு அலைச்சல், அவ்வளவுதான். சென்னையில் நேர்காணலுக்குத் தேதி வாங்கி, ஸ்டாம்பிங் முடித்துத் திரும்பிவிடுவார்கள். இப்போது நிலைமை அப்படியில்லை.

1 லட்சம் டாலர் சிக்கல்

2025 செப்டம்பரில் அதிபர் டிரம்ப் வெளியிட்ட பிரகடனத்தின்படி, செப்டம்பர் 21 முதல் தாக்கலாகும் சில புதிய எச்-1பி பெட்டிஷன்களுக்கு 1 லட்சம் டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஏறக்குறைய 90 லட்சம் ரூபாய். 12 மாதங்களுக்கு என்று சொல்லி வந்த உத்தரவு இது. நீட்டிக்கவும் அதில் வழி இருக்கிறது. இதை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகளும் போடப்பட்டன.

யாருக்கு இந்தக் கட்டணம் என்பதை அமெரிக்கக் குடியேற்றச் சேவைத் துறை அதே ஆண்டு அக்டோபரில் விளக்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இருந்து, கையில் செல்லுபடியாகும் எச்-1பி விசா இல்லாதவருக்காகப் போடும் புதிய பெட்டிஷனுக்குக் கட்டணம் உண்டு. உள்ளேயே இருந்து ஸ்டேட்டஸ் மாற்றம் கேட்டு, அது ஏற்கப்பட்டால் கட்டணம் இல்லை.

அதே விளக்கத்தில்தான் நம் டீச்சருக்கான வரியும் இருக்கிறது. ஸ்டேட்டஸ் மாற்றக் கோரிக்கை மீது முடிவெடுக்கும் முன் அவர் நாட்டை விட்டு வெளியேறிவிட்டால் கட்டணம் பொருந்தும்.

ஒரு பள்ளி நிர்வாகம் ஒரு டீச்சருக்காக 1 லட்சம் டாலர் கட்டுமா? பெரும்பாலான அரசுப் பள்ளி மாவட்டங்களுக்கு அது நடக்கிற காரியம் இல்லை. ஆக, ஒரு விமான டிக்கெட் அந்த வேலையையே காவு வாங்கிவிடலாம்.

முடிவு வந்த பிறகு போனால்?

ஸ்டேட்டஸ் மாற்றத்தோடு சேர்த்து ஒப்புதல் வந்த பிறகு ஊருக்குப் போய், அந்த ஒப்புதலை வைத்து விசா வாங்கித் திரும்பினால் 1 லட்சம் டாலர் கேட்கப்படாது என்று அதே விளக்கம் சொல்கிறது. 'முடிவுக்கு முன்', 'முடிவுக்குப் பின்' என்ற இந்த வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

ஸ்டேட்டஸ் மாற்றமும் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒப்புதல் கடிதமான ஐ-797-ன் கீழ்ப்பகுதியில் புதிய ஐ-94 அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மாற்றம் கிடைத்துவிட்டது. பெட்டிஷனுக்கு மட்டும் ஒப்புதல் என்று இருந்து, ஐ-94 இல்லாவிட்டால் தூதரகம் போய்த்தான் ஆக வேண்டும்.

குலுக்கல் வழியாக வரும் எச்-1பி, அக்டோபர் 1-ம் தேதிதான் தொடங்கும். ஒப்புதல் வந்து, அக்டோபருக்கு முன் வெளியே போகிறவர்கள், திரும்பும்போது எச்-1பி ஸ்டாம்பிங் தேவைப்படும் என்று கணக்குப் போட்டே திட்டமிடுவது பாதுகாப்பு. தொடக்கத் தேதிக்கு 10 நாட்களுக்கு முன்புதான் அந்த விசாவில் உள்ளே விடுவார்கள். பள்ளியோ ஆகஸ்டிலேயே திறந்துவிடும்.

எச்-1பி-யில் இருந்துகொண்டே பள்ளி மாறினால்?

இது கொஞ்சம் நிம்மதியான கேஸ். ஏற்கெனவே எச்-1பி-யில் இருப்பவர், புதிய பள்ளி பெட்டிஷன் தாக்கல் செய்ததுமே அங்கே வேலையில் சேரலாம். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இடையில் ஊருக்கு வந்தால்? பாஸ்போர்ட்டில் எச்-1பி விசா செல்லுபடியாக இருந்து, பழைய பெட்டிஷனின் தேதியும் முடியாமல் இருந்தால், புதிய பள்ளி தாக்கல் செய்ததற்கான ரசீதைக் காட்டித் திரும்ப நுழையலாம். விசாவில் பழைய பள்ளியின் பெயர் இருப்பது பிரச்னை இல்லை.

விசா காலாவதியாகியிருந்தால் கதை வேறு. ஸ்டாம்பிங்குக்குப் புதிய பள்ளியின் பெட்டிஷன் ஒப்புதலாகியிருக்க வேண்டும். வெறும் ரசீதோடு தூதரகத்துக்குப் போய்ப் பயனில்லை.

வேலை போய்விட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். எச்-1பி-காரர்களுக்கு வேலை முடிந்ததும் அதிகபட்சம் 60 நாள் அவகாசம் உண்டு. ஐ-94 அதற்கு முன் முடிந்தால் அதுவரைதான். அந்த அவகாசம் அமெரிக்காவுக்குள் இருப்பவர்களுக்கானது. 'ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்து வேலை தேடுறேன்' என்று கிளம்பினால் அது அங்கேயே முடிந்துவிடும்.

ஜே-1 ஆசிரியர்களுக்கு மட்டும் சில விஷயங்கள்

ஜே-1 ஆசிரியர் திட்டத்தில் 3 ஆண்டுகள் வரை இருக்கலாம். மேலும் 1 அல்லது 2 ஆண்டு நீட்டிப்பு கேட்கலாம். திட்டம் முடிந்ததும் 30 நாள் தங்கலாம். அந்த 30 நாளில் வெளியே போனால் அதே ஜே-1-ல் திரும்ப வர முடியாது. பக்கத்தில் கனடாவுக்குச் சுற்றுலா போனாலும் இதே கதைதான்.

திட்டக் காலம் மீதி இருக்கும்போது வெளியே போகிறீர்களா? டிஎஸ்-2019 படிவத்தில் பயணத்துக்கான கையெழுத்து இருக்கிறதா, அது போட்டு ஓராண்டு தாண்டிவிட்டதா என்று பாருங்கள். ஸ்பான்சர் அமைப்பிடம் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

'இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்துவிட்டுத்தான் எச்-1பி வாங்க முடியும்' என்ற விதி பலரைப் பயமுறுத்திவந்தது. 2024 டிசம்பர் 9-ல் வெளியான புதிய திறன் பட்டியலிலிருந்து இந்தியா நீக்கப்பட்டது. இதற்கு முன் போனவர்களுக்கும் இது பொருந்தும். ஆனால், அரசு நிதியில் போனவர்களுக்கு அந்த விதி தொடர்கிறது. உங்கள் நிலை என்ன என்பதைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மாணவர்களுக்கு ஜே-1-காரர்களைவிட ஒரு வசதி அதிகம். எஃப்-1 ஸ்டேட்டஸ் முடிந்து, எச்-1பி தொடங்கும் வரையிலான இடைவெளியை நிரப்ப அவர்களுக்கு ஏற்பாடு இருக்கிறது. ஜே-1-க்கு அது கிடையாது. ஜூனில் திட்டம் முடிந்து, அக்டோபரில் எச்-1பி தொடங்கும் என்றால் நடுவில் ஸ்டேட்டஸ் அறுந்துபோகும். அப்படிப்பட்டவருக்கு உள்ளிருந்தே மாற்றம் கிடைப்பது கடினம்.

ஸ்டாம்பிங் முன்பு போல் இல்லை

'சிங்கப்பூர்ல போட்டுட்டு வந்துடலாம்' என்ற வழியும் அடைபட்டுவருகிறது. தற்காலிக விசா கேட்பவர்கள் சொந்த நாட்டிலோ, வசிக்கும் நாட்டிலோதான் நேர்காணலுக்கு வர வேண்டும் என்று 2025 செப்டம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. நேர்காணல் இல்லாமல் பெட்டியில் ஆவணங்களைப் போட்டு விசா வாங்கும் சலுகையும் பெரும்பாலானோருக்கு அதே மாதம் நின்றது.

2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 விண்ணப்பதாரர்களின் சமூக வலைதளக் கணக்குகளையும் பரிசோதிக்கத் தொடங்கினார்கள். அதனால் இந்தியாவில் பலருடைய நேர்காணல் தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. இரண்டு வார லீவில் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். மாணவர்கள் முன் நிற்க வேண்டிய ஆசிரியருக்கு இது வேலையையே பறிக்கக்கூடிய தாமதம்.

கிளம்பும் முன் என்ன பண்ணணும்?

* பள்ளியின் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கேளுங்கள்: "என் விண்ணப்பம் ஸ்டேட்டஸ் மாற்றமா, நீட்டிப்பா? நான் இப்போது வெளியே போகலாமா?" வழக்கறிஞர் பள்ளிக்காகவும் வேலை பார்ப்பவர் என்பதால், முடிந்தால் தனியாகவும் ஒருவரிடம் ஆலோசனை கேளுங்கள்.
* விசா, ஐ-94, ஐ-797, பாஸ்போர்ட் நான்கின் தேதிகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பாஸ்போர்ட் முன்னதாக முடிகிறது என்றால் ஐ-94-ஐயும் அந்தத் தேதியோடு சுருக்கிவிடுவார்கள்.
* திரும்ப நுழையும்போது புதிய பள்ளியின் ஒப்புதல் கடிதத்தை அதிகாரியிடம் காட்டுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஐ-94-ஐ இணையதளத்தில் சரிபாருங்கள். கடைசியாகக் கிடைத்த ஐ-94 தேதிதான் பொதுவாக உங்களைக் கட்டுப்படுத்தும்.
* கிரீன் கார்டுக்கான ஐ-485 நிலுவையில் இருந்தால், எச்-1பி-காரர்கள் அந்த விசாவிலேயே போய் வரலாம். மற்றவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே பயண அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் கிரீன் கார்டு விண்ணப்பமே போய்விடும்.
* போர்டிங் பாஸ்களைத் தூக்கிப் போடாதீர்கள். எச்-1பி-க்கு மொத்தம் 6 ஆண்டு என்ற வரம்பில், வெளிநாட்டில் இருந்த முழு நாட்களைக் கழித்து, பிறகு திரும்பக் கேட்டு வாங்கலாம். அதற்கு இவைதான் ஆதாரம்.

சரி, அந்த டீச்சர் என்ன செய்யலாம்?

அவருக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி: பள்ளியிடம் சொல்லி, விண்ணப்பத்தைப் பிரீமியம் முறைக்கு மாற்றக் கேட்பது. கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாட்களுக்குள் துறை ஏதாவது ஒரு பதில் சொல்லும். அது ஒப்புதலாகத்தான் இருக்கும் என்றில்லை. கூடுதல் ஆவணம் கேட்டும் கடிதம் வரலாம். அதுவரை அப்பா தாக்குப்பிடிக்க வேண்டும்.

இரண்டாவது: இன்றே கிளம்புவது. ஜே-1 விசாவும், அதில் திட்டக் காலமும் மீதி இருந்து, டிஎஸ்-2019-ல் கையெழுத்தும் சரியாக இருந்தால், அவர் ஜே-1-லேயே திரும்பி வந்து மீதிக் காலம் பாடம் நடத்தலாம். கையில் கிடைத்த எச்-1பி வாய்ப்பு மட்டும் அநேகமாகப் போய்விடும். அடுத்த மார்ச்சில் மறுபடியும் குலுக்கல்தான்.

எது சரி என்று வெளியே இருந்து யாரும் சொல்ல முடியாது. 'போகாதே' என்று சட்டம் சொல்லவில்லை; போனால் எதை இழக்க நேரும் என்பதைத்தான் சொல்கிறது. அந்தக் கணக்கை நடுராத்திரி போன் வந்த பிறகு, அழுதுகொண்டே போடக் கூடாது. எனவே, விண்ணப்பம் போடும் அன்றைக்கே வழக்கறிஞரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: "அவசரம்னா நான் ஊருக்குப் போக முடியுமா?" பதிலை ஊரில் இருக்கும் அண்ணன், தங்கையிடமும் சொல்லி வையுங்கள். உங்களால் வர முடியாமல் போனால், காரணம் என்ன என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.