கம்பியும் மின்சாரமும் – 12: பெட்டியைக் கழற்றிய செல்லோ

1970-களின் தொடக்கத்தில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய 'எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ரா' ராக் மேடையில் செல்லோக்காரர்களை உட்காரவைத்தது. இசைத்தட்டில் அந்தச் செல்லோக்கள் கம்பீரமாகவே கேட்டன. மேடையில் கதை வேறு. ஒரு பக்கம் டிரம்ஸ், இன்னொரு பக்கம் கித்தார் ஆம்ப். நடுவில் உட்கார்ந்தவர் வில்லை எவ்வளவு அழுத்தி இழுத்தாலும் கூட்டத்தின் காதுக்குப் போய்ச் சேராது. சரி, மைக்கின் சத்தத்தைக் கூட்டுவோம் என்றால் ஸ்பீக்கர் ஊளையிடத் தொடங்கிவிடும்.

காரணம், செல்லோவின் பெட்டி. முக்கால் மீட்டர் நீளத்துக்கு மெல்லிய பலகைகளால் இழைத்த வெற்றுப் பெட்டி அது. தந்தியின் அதிர்வை வாங்கி அறை முழுக்க அனுப்புவதுதான் அதன் பிறவிப் பயன். ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வரும் ஒலியையும் அது பேதம் பார்க்காமல் வாங்கிக்கொள்கிறது. வாங்கியது மைக்குக்குப் போகிறது, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு, மறுபடி பெட்டிக்கு. சுற்றிச் சுற்றி வந்து ஊளையாகிறது.

எலெக்ட்ரிக் செல்லோ செய்தவர்கள் அந்தப் பெட்டியையே கழற்றிவிட்டார்கள். கழுத்து, விரற்பலகை, குதிரை, நான்கு தந்திகள், இவற்றைத் தாங்க ஒரு கெட்டி மரத்தண்டு. குதிரையில் பதித்த பியசோ பிக்கப் அதிர்வை மின்சாரமாக மாற்றும். ஊளை பெருமளவு அடங்கியது. கூடவே 'வுல்ஃப் டோன்' என்ற பழைய தலைவலியும் போயிற்று. ஈ சுரத்துக்கும் எஃப் ஷார்ப்புக்கும் நடுவே எங்கேயோ தந்தியும் பெட்டியும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உறுமும். பெட்டி இல்லாத இடத்தில் அந்த மல்லுக்கட்டும் இல்லை.

ஆனால், அந்தப் பெட்டி நான்கு வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தத்தைப் பெருக்கியது. தந்தியின் குரலுக்கு நிறம் கொடுத்தது. மார்பிலும் முழங்கால்களிலும் சாய்ந்து கருவியை அசையாமல் நிறுத்தியது. இடது கைக்கு இடம் காட்டியது. எலெக்ட்ரிக் செல்லோ வாங்கப் போகிறவர் எந்த மாடலைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது: இந்த நான்கு வேலைகளையும் இதில் யார் பார்க்கிறார்கள்? விலையும் நிறமும் வடிவ அழகும் பிறகு.

கைக்கு இடம் காட்டுவது யார்?

செல்லோவின் கழுத்தில் கித்தாரைப் போல ஃபிரெட் கிடையாது. சுரம் எங்கே இருக்கிறது என்று கை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதற்கு ஒத்தாசை செய்வது பெட்டிதான். இடது கை கழுத்தில் இறங்கி வரும்போது, கழுத்து பெட்டியோடு சேரும் வளைவில் கட்டைவிரல் போய் முட்டும். முட்டியதும் ஆள்காட்டி விரலை ஏ தந்தியில் அழுத்தினால் ஈ சுரம் கேட்கும். நம் கணக்கில், விரல் வைக்காத தந்தியை ஷட்ஜமாக எடுத்துக்கொண்டால் இது பஞ்சமம். மாணவர்கள் 'நான்காவது பொசிஷன்' என்று படிப்பது இந்த இடத்தைத்தான். கண்ணை மூடிக்கொண்டாலும் கை அங்கே போய் நிற்கும். அதையும் தாண்டிக் கீழே போனால் பெட்டியின் தோள் முன்கையில் உரசும். அதுவும் ஓர் அடையாளம்.

யமஹா 1998-ல் கொண்டுவந்த 'சைலன்ட் செல்லோ' இந்த விஷயத்தில் அசல் வைதீகம். பெட்டியை எடுத்துவிட்டாலும், மார்பும் முழங்கால்களும் தொடும் இடங்களில் பெட்டியின் வளைவை அப்படியே வரைந்ததுபோலச் சட்டங்களை வைத்திருக்கிறார்கள். சாதாரண செல்லோவில் பழகியவர் உட்கார்ந்த சில நிமிடங்களிலேயே தன் கையை நம்பத் தொடங்கிவிடலாம். எஸ்விசி-110 இந்த வகை. எஸ்விசி-210 அதையே பயணத்துக்காகக் கச்சிதமாக்கியது.

என்.எஸ். டிசைன் நேர் எதிர். தலைப்பகுதியே இல்லாத பேஸ் கித்தாரைச் செய்து 1980-களில் பேர் வாங்கிய நெட் ஸ்டைன்பெர்கரின் அமெரிக்க நிறுவனம் இது. அவருடைய செல்லோ ஒரு நீளக் கட்டைபோல இருக்கும். முக்காலியில் நிறுத்தி நின்றுகொண்டே வாசிக்கலாம். சட்டத்தோடு தோளில் மாட்டிக்கொண்டு மேடையில் நடக்கலாம். பெட்டியின் தோள் குறுக்கே நிற்காததால் மேல்ஸ்தாயிக்குக் கை சுலபமாகப் போகும். அதே காரணத்தால் பழைய உரசலும் இருக்காது. விரற்பலகை ஓரத்துப் புள்ளிகளையும் காதையும் நம்பி மறுபடி பழக வேண்டும். உட்கார்ந்தே வாசிப்பேன் என்பவர்களுக்கு மார்பு, முழங்கால் முட்டுகளோடு தனி ஸ்டாண்டும் விற்கிறார்கள். அதையும் சேர்த்துத்தான் விலையைப் பார்க்க வேண்டும்.

இந்த வகையில் ஐந்து தந்தி மாடல்களும் உண்டு. ஐந்தாவதாகக் கீழே ஓர் எஃப் தந்தி சேரும். ஆழம் கூடும் என்பது சரி. ஆனால், தந்திகள் நெருங்கி உட்காருவதால் வில்லின் கோணம் சற்றுத் தவறினாலும் பக்கத்துத் தந்தி சேர்ந்து பேசும். நான்கு தந்தியில் வில் நிதானப்படாதவர்கள் அவசரப்பட வேண்டாம்.

தந்திகளைப் பெருக்கி, குதிரைக்கு மின்சாரம் கொடுத்த கதையில் ஒரு தமிழ்ப் பெயரும் இருக்கிறது. சென்னையில் பிறந்த எல்.சங்கர், கென் பார்க்கர் என்ற அமெரிக்கக் கருவிக் கைவினைஞரோடு சேர்ந்து 1980-ல் பத்துத் தந்தி 'டபுள் வயலினை' உருவாக்கினார். இரண்டு கழுத்துகள் கொண்ட அந்த ஒரே கருவி, வயலினிலிருந்து செல்லோ வழியாக டபுள் பேஸின் ஆழம் வரை போகும். செல்லோவின் குரல் வேண்டும் என்றால் செல்லோவின் உருவம் வேண்டும் என்று கட்டாயமில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

குரலுக்கு நிறம் கொடுப்பது யார்?

காண்டாக்ட் மைக் வைத்த வயலினைச் சபாக்களில் கேட்டவர்களுக்குப் பியசோவின் குரல் பழக்கமானதுதான். சுரம் துல்லியமாக விழும். ஆனால் மரத்தின் கனம் இருக்காது. வில் தந்தியைக் கவ்வும் சத்தம் கொஞ்சம் தூக்கலாகக் கேட்கும். இதற்குப் பாதிக் காரணம் பெட்டி இல்லாதது. மீதிப் பாதிக்குக் காரணம், கேபிளின் மறுமுனை போய்ச் செருகிய இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பியசோ பிக்கப்பின் மின்தேக்குத் திறன் 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை மிக்ஸரின் லைன் இன்புட்டில் நேராகச் செருகினால், அந்த இன்புட்டின் மின்தடை சுமார் 10 கிலோ ஓம். இந்த இரண்டும் சேர்ந்தால் 16,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லாம் சரியத் தொடங்கும். செல்லோவின் தடித்த சி தந்தி 65 ஹெர்ட்ஸில் இருக்கிறது. மிஞ்சுவது தகரச் சத்தம்தான். கித்தார் ஆம்பில் செருகினால் தடை 1 மெகா ஓம், சரிவு 159 ஹெர்ட்ஸில் தொடங்கும். அப்போதும் சி, ஜி, டி ஆகிய மூன்று தந்திகளின் அடிச்சுரங்கள் கோட்டுக்குக் கீழேதான். 10 மெகா ஓம் தடை கொண்ட ப்ரீ-ஆம்பில் செருகினால் அந்தக் கோடு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். செல்லோ முழுசாக உள்ளே வந்துவிடும்.

அதாவது, ஒரே செல்லோ, ஒரே வில், ஒரே கை. பெட்டி மாறினால் குரல் மாறுகிறது. இந்த முறை அது எலெக்ட்ரானிக் பெட்டி. எல்.ஆர்.பேக்ஸின் 'பாரா டி.ஐ.', ரேடியலின் 'பி.இசட்-டி.ஐ.' போன்றவை 10 மெகா ஓம் இன்புட்டோடு வருபவை. செல்லோவுக்குள்ளேயே நல்ல ப்ரீ-ஆம்ப் இருந்தால் இந்தச் செலவு மிச்சம். எனவே, கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் தொழில்நுட்பக் கேள்வி: "இது ஆக்டிவா, பேசிவா?" பேசிவ் என்றால் ப்ரீ-ஆம்பின் விலையையும் மனத்தில் கூட்டிக்கொள்ளுங்கள்.

பிக்கப்பிலும் வித்தியாசம் உண்டு. வில் தந்தியைப் பக்கவாட்டில் ஆட்டும். விரலால் மீட்டும்போது மேலும் கீழுமான அசைவும் சேரும். என்.எஸ். டிசைனின் 'போலார்' பிக்கப்பில் எந்த அசைவைக் கேட்க வேண்டும் என்று ஸ்விட்சைப் போட்டு மாற்றலாம். ஜாஸ் பேஸ் மாதிரி மீட்டி வாசிப்பவர்களுக்கு அந்த ஸ்விட்ச் ஒன்றே அதை வாங்கப் போதுமான காரணம்.

எல்லோருக்கும் மரத்தின் குரல்தான் வேண்டும் என்பதில்லை. 2016-ல் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' படத்தில் வொண்டர் வுமன் வரும்போது சீறும் இசை, டீனா குவோவின் எலெக்ட்ரிக் செல்லோ. மெக்சிகோ இசையமைப்பாளர் என்ரிகோ சாபேலா எலெக்ட்ரிக் செல்லோவுக்காகவே எழுதிய 'மேக்னட்டார்' கான்செர்ட்டோவை, 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கோடு யோஹான்னஸ் மோசர் முதன்முதலில் வாசித்தார். ஐஸ்லாந்தின் ஹில்டூர் குட்னடோட்டிரோ ஊளையையே இசையாக்கியவர். செல்லோ வடிவத்தில் உள்ளேயே ஸ்பீக்கர் வைத்து, தந்தி தன் சத்தத்துக்குத் தானே அதிரும்படி செய்த 'ஹால்டோரோஃபோன்' அவர் கருவிகளில் ஒன்று. 2019-ல் வந்த 'ஜோக்கர்' படத்தில் அதைப் பயன்படுத்தினார். அந்தப் படத்தின் இசைக்கு ஆஸ்கரும் வாங்கினார்.

இன்னொரு பக்கமும் உண்டு. பின்லாந்தின் அபோகலிப்டிகா, மெட்டாலிகாவின் பாடல்களை நான்கு செல்லோக்களில் வாசித்து 1996-ல் ஆல்பம் போட்டபோது, அவை சாதாரண மரச் செல்லோக்கள். ஹெவி மெட்டல் வாசிக்க எலெக்ட்ரிக் செல்லோ வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

சத்தம் எங்கிருந்து வரும்?

வீட்டில் சாதகம் செய்யத்தான் வாங்குகிறீர்கள் என்றால் விடை ஹெட்போன். யமஹாவின் பலம் இதில்தான். ஹெட்போன் ஜாக், எதிரொலி சேர்க்கும் வசதி, பக்கவாத்திய ஒலிப்பதிவை உள்ளே கொடுக்க ஓர் இன்புட் எல்லாம் கருவியிலேயே இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்குப் பக்கத்து ஃபிளாட்டுக்காரர் கதவைத் தட்ட மாட்டார். அதே அறையில் தூங்குகிறவருக்கு மட்டும் தந்தியில் வில் உரசும் மெல்லிய சத்தம் கேட்கத்தான் செய்யும்.

மேடைக்கு என்றால் ஆம்ப் வேண்டும். சாதாரண கித்தார் ஆம்ப் 65 ஹெர்ட்ஸைச் சரியாகக் கொடுக்காது. கீபோர்டு ஆம்ப், அகூஸ்டிக் ஆம்ப், நல்ல பி.ஏ. ஸ்பீக்கர் இவற்றில் ஒன்றைப் பாருங்கள்.

மலிவு மாடலும் மாற்று வழியும்

செசிலியோ, ஸ்டாக், ஹார்லி பென்டன் போன்ற பெயர்களில் விலை குறைந்த எலெக்ட்ரிக் செல்லோக்கள் கிடைக்கின்றன. இவற்றை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. கெட்டி மரத்தண்டில் மலிவுக்கும் உயர்வுக்கும் உள்ள இடைவெளி, மரப் பெட்டியில் இருக்கும் அளவுக்குப் பெரிதல்ல. குறை பெரும்பாலும் கூட வரும் தந்திகளிலும், சரியாக இழைக்காத குதிரையிலும், 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீ-ஆம்பின் இரைச்சலிலும் இருக்கும். தந்தி மாற்றலாம், குதிரையை இழைக்கக் கொடுக்கலாம். இரைச்சலுக்குத்தான் வைத்தியம் இல்லை.

வீட்டில் ஏற்கெனவே ஒரு நல்ல செல்லோ இருக்கிறது, வருஷத்துக்கு நாலைந்து மேடைதான் என்றால் எலெக்ட்ரிக் செல்லோவே வேண்டாம். குதிரையின் காலடியில் வைக்கும் 'ரியலிஸ்ட்' பிக்கப்போ, தந்திகளில் கவ்வி நிற்கும் டி.பி.ஏ. 4099 மைக்கோ போதும். டிரம்ஸுக்குப் பக்கத்தில் உட்காரும் நாள் வரும்போது மறுபடி யோசிக்கலாம்.

கடையில் செய்து பார்க்க வேண்டியவை

உங்கள் வில்லையும் உங்கள் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் வாசிக்காமல் ஹெட்போனைக் காதில் மாட்டி, வால்யூமை முழுக்கத் திருகி, இரைச்சலை மட்டும் கேளுங்கள். அடுத்து, ஒரே அழுத்தத்தில் நான்கு தந்திகளையும் நீளமாக இழுங்கள். ஒரு தந்தி மட்டும் அடங்கியோ எகிறியோ கேட்டால், பிக்கப் குதிரையில் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இடது கையை மேலேயிருந்து கீழே இறக்கி, பஞ்சமத்தில் நிறுத்திப் பாருங்கள். கை தடுமாறினால் எத்தனை வாரம் பழக வேண்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். கடைசியாக, சி தந்தியில் வில்லை ஓங்கி அழுத்துங்கள். ஸ்டாண்டோ தரையில் ஊன்றிய கம்பியோ நகர்கிறதா என்று பாருங்கள்.

என் தீர்ப்பு இது. சாதகத்துக்கும், சாதாரண செல்லோவுக்கும் இதற்கும் மாறி மாறி வாசிப்பதற்கும் யமஹா. நின்று வாசிக்கவும், மீட்டி வாசிக்கவும், புதுக் கருவியாகவே பழகவும் தயார் என்றால் என்.எஸ். டிசைன். கையில் காசு குறைவு என்றால், மலிவு மாடலை வாங்கி மிச்சப் பணத்தை நல்ல தந்திகளுக்கும் ப்ரீ-ஆம்புக்கும் ஒதுக்குங்கள். எதை வாங்கினாலும் பட்ஜெட் முழுவதையும் செல்லோவிலேயே கொட்டிவிடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கையாவது கேபிளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சாமான்களுக்கு வைத்திருங்கள்.

(தொடரும்)