எரிவாயு உருளையை எங்கே வைப்பது?

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசுத் தொழிற்சாலைகளில் வேலை அறைகள் ஒன்றுக்கொன்று விலகியே நிற்கும். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவக்கூடாது என்பதே இதன் நோக்கம். பெரிய தொழிற்சாலைகளுக்கு உரிமம் வழங்கும் மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்புதான் எரிவாயு உருளைகளுக்கான விதிகளையும் கவனிக்கிறது. இதில் வியப்பில்லை. நம் அடுப்படியில் நிற்கும் உருளையும் ஓர் எரிபொருள் கிடங்கே. அதை எங்கே, எப்படி வைப்பது என்பதைப் பௌதிகத்தின் துணையோடு பார்ப்போம்.

வீட்டு உருளையில் புரொப்பேன், பியூட்டேன் என்னும் வாயுக்களின் கலவை 14.2 கிலோ இருக்கிறது. அழுத்தத்தால் அதைத் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். ஒரு லிட்டர் திரவம் வெளியேறினால் சுமார் 250 லிட்டர் வாயுவாகும். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. ஆகவே கசியும்போது அது புகையைப் போல் மேலே எழாது. தண்ணீரைப் போல் தரையில் பரவிப் பள்ளத்தில் தேங்கும்.

காற்றில் நூற்றுக்குச் சுமார் 2 பங்கு வாயு கலந்தாலே அது தீப்பற்றக்கூடிய கலவையாகிவிடும். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அடுப்படியில், தரையிலிருந்து அரை மீட்டர் உயரம் வரை உள்ள காற்றின் கன அளவு 4.5 கன மீட்டர். இதில் நூற்றுக்கு 2 பங்கு என்பது 90 லிட்டர் வாயு. அதன் எடை 200 கிராமுக்கும் குறைவு! இக்கலவையைப் பற்றவைக்க ஒரு ஜூலில் நாலாயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல் போதும். மின்விசையைத் தட்டும்போது தோன்றும் பொறியே அதற்கு மிகுதி.

இனி விதிகளின் காரணம் எளிதில் விளங்கும். உயரத்தில் சன்னல் இருந்தால் மட்டும் போதாது; தரையை ஒட்டியும் காற்று வெளியேற வழி வேண்டும். தரைமட்டத்திற்குக் கீழே உள்ள அறையிலோ, காற்றோட்டமில்லாத அலமாரியிலோ உருளையை வைக்கக்கூடாது. அருகில் சாக்கடைத் துவாரமும் இருக்கக்கூடாது. அடுப்பு மேடைமேலும் உருளை கீழே தரையிலும் இருக்கட்டும். உருளையை எப்போதும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் பாயும். வெப்பம் ஏறினால் உள்ளே அழுத்தமும் ஏறும். எனவே நம் ஊர்க் கோடை வெயில் உருளைமேல் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் குழாயை ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். வெடிப்பு தெரிந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். பட்டாசு, தீப்பெட்டிக் கட்டுகளை அந்த அறையில் வைக்கவே கூடாது.

இவ்வாயுவுக்கு இயல்பில் மணம் இல்லை எனலாம். கசிவை உணர்த்துவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்பையும் ரெகுலேட்டரையும் மூடுங்கள். கதவு சன்னல்களை விரியத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு 1906 என்னும் அவசர எண்ணுக்கு வெளியிலிருந்தே பேசுங்கள். உள்ளே நின்று தொலைபேசியை எடுக்க வேண்டாம்.